தொழிலுக்கொரு புத்தாண்டு

புளியங்குடியில் ஆண்டு ஒரே நாளில் பிறப்பதில்லை. ஜனவரி முதல் தேதி நள்ளிரவில் தேவாலய மணி அடிக்கும். விடிந்ததும் கடைத்தெருவில் தினசரி காலண்டர் கேட்டு வாடிக்கைக்காரர்கள் நிற்பார்கள். ஏப்ரல் முதல் தேதி வங்கிகளுக்கும் கணக்கு எழுதுபவர்களுக்கும் உரியது. சித்திரை முதல் நாளை இந்தப் பக்கத்தில் நாங்கள் சித்திரை விசு என்போம். கனி காண்பவர்களுக்கும், பொன் ஏர் பூட்டும் சம்சாரிகளுக்கும் அன்றுதான் வருஷப்பிறப்பு. ஜூலை முதல் தேதி கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் புதிய பசலி தொடங்கும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. பரணில் பழைய பத்திரக்கட்டு வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு கணக்கும் கிடைக்கும். அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்கிய அந்த வரிசை ஆவணியில் புது எண் பெறும். 1956 நவம்பர் முதல் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை செங்கோட்டை கேரளப் பக்கத்து ஊராக இருந்தது. ஆகவே இந்த மலையடிவார ஊர்களில் கொல்லம் ஆண்டு யாருக்கும் அந்நியமாக இருந்ததில்லை.

சின்ன வயதிலிருந்தே இத்தனை ஆண்டுப் பிறப்புகளுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். ஆனாலும் எது என்னுடையது என்ற கேள்வி தொழில் மாறிய பிறகே எழுந்தது. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவன், வேலையை விட்டுவிட்டு அப்பாவின் எலுமிச்சைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு வந்த முதல் ஜனவரியில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தொழிலை மாற்றுகிறவனுக்குச் சம்பளமும் சட்டையும் மாறுவதற்கு முன்பே ஆண்டு பிறக்கும் நாள் மாறிவிடுகிறது. புளியங்குடியின் கடந்த நூறு ஆண்டை இந்தக் கண்ணோடு பார்த்தால், ஊர் முழுக்கவே திரும்பத் திரும்பப் புத்தாண்டை மாற்றிக்கொண்டு வந்திருப்பது தெரிகிறது.

முதலில் அலுவலகத்துப் புத்தாண்டு. ஜனவரி முதல் தேதி மேசைக்கு ஒரு துண்டு கேக் வரும், டைரி வரும், இந்த ஆண்டு என்ன தீர்மானம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அது வெளிப்பூச்சுதான். உண்மையான ஆண்டு முடிவு மார்ச் 31. பங்குனி மாதம் முழுக்க எங்கள் பிரிவில் விளக்கு அணையாது. நெல்லை, தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பங்குனி உத்திரம் எவ்வளவு பெரிய நாள் என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கே பிழைக்கப் போனவர்களும் அன்று குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்வார்கள். ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் கண்மாய்க்கரையிலும் வருஷமெல்லாம் தனியாக இருக்கும் சாஸ்தாக்களுக்கு அன்றைக்கு ஆயிரம் பேர் பொங்கலிடுவார்கள். கணக்கு வேலையில் இருப்பவனுக்கு அந்த நாள் ஆண்டு முடிவின் நெருக்கடியில் வந்து விழும். விடுமுறை கேட்டால் மேலே இருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். என் பிள்ளைகள் சாஸ்தா கோயிலைப் புகைப்படத்தில் பார்த்தே வளர்ந்தார்கள். வேலையை விட்டதற்குக் காரணங்கள் பல. அப்பாவின் உடல்நிலை அதில் முதன்மையானது. ஆனால் பங்குனி உத்திரமும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தோட்டத்துக்கு வந்த பின் ஜனவரியில் யாரும் தீர்மானம் பற்றிக் கேட்கவில்லை. டீக்கடையில், கோயில் வாசலில், உரக்கடையில் எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: “அண்ணாச்சி, கெணத்துல தண்ணி எப்படி கெடக்கு?”

அதுதான் இந்த ஊருக்கு ஜனவரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருக்கும். மேற்கே மலையில் நீர்வழிகள் வெள்ளிக்கோடாகத் தெரிகிறதா, கிணற்றில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது, போரில் மோட்டார் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை வைத்தே கோடை எப்படி இருக்கும் என்று கணிப்பார்கள். குற்றாலச் சாரலால் ஊருக்கு ஊர் பெயர் வாங்கியது தென்காசிப் பக்கம் என்றாலும், புளியங்குடியின் எலுமிச்சை பெரிதும் நம்பியிருப்பது இந்த வடகிழக்குப் பருவமழையை. சில வருஷம் அது கணக்கில்லாமல் கொட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானது. தாமிரபரணிக் கரை முழுக்க வீடும் வயலும் இழந்தவர்கள் அடுத்த ஜனவரியை முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தொடங்கினார்கள். அந்தப் புத்தாண்டுக்கு எங்கள் தெருவில் யாரும் வெடி போடவில்லை. எங்களுக்குச் சேதம் குறைவு. கீழே இருப்பவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள்.

எலுமிச்சையின் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஊரின் ஆசையையும் கவலையையும் புரிந்துகொள்ள முடியாது. எலுமிச்சை ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் காய்க்கும் மரம். ஆனால் பெரிய பூப்பு தை, மாசியில் வரும். பூ காயாகி, காய் சாறேறிப் பழமாக ஐந்து ஆறு மாதம் பிடிக்கும். தையில் பூத்தது ஆனி, ஆடியில் பழுக்கும். அந்த நேரம் சந்தையில் பழம் குவியும், விலை சரியும். பங்குனி, சித்திரை வெயிலில் நாடே எலுமிச்சை கேட்கும்போது மரத்தில் பழம் இருக்க வேண்டுமானால், அது புரட்டாசி, ஐப்பசியில் பூத்திருக்க வேண்டும். அதே சமயம்தான் மழை. மழை நின்று பெய்தால் பூ உதிரும், நோய் ஏறும். மரம் கொஞ்சம் வாடினால்தான் பூக்கும் என்பதால், அதற்கு முன் சில வாரம் தண்ணீரை நிறுத்தி வாட்டம் கொடுத்து, பிறகு பாய்ச்சிப் பூக்க வைப்பது ஒரு முறை. வானம் ஒத்துழைத்தால் பலிக்கும். கோடையில் எலுமிச்சை விலை ஏறுவதற்குக் காரணம் வியாபாரிகள் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த ஆறு மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் பல நகரங்களில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அதற்கான விதி அதற்கு முந்தைய ஐப்பசியிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஆக, ஜனவரியில் என் மரங்களில் இரண்டு ஆண்டுகள் ஒன்றாக நிற்கின்றன. ஐப்பசியில் தப்பிய பூ சிறு காயாகத் தொங்கும். பக்கத்துக் கிளையில் அடுத்த பூப்புக்கான துளிர் வெளுத்து நிற்கும். கணக்குப் புத்தகத்தில் பழைய ஆண்டை முடித்துக் கோடு போட்ட பிறகுதான் புதிய ஆண்டைத் தொடங்குவோம். மரத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

என் அப்பாவின் தலைமுறைக்கும் இது பிறவித் தொழில் இல்லை. எங்கள் தாத்தா காலத்துப் புளியங்குடியில் பல தெருக்கள் தறித் தெருக்கள். புளியங்குடி, பக்கத்துச் சிந்தாமணி, தெற்கே கடையநல்லூர், கிழக்கே சங்கரன்கோவில் என்று இந்த வட்டாரமே நெசவால் வாழ்ந்தது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு கட்டி நீவுவார்கள். அந்த நேரத்தில் யாரும் தெருவுக்குள் வண்டி ஓட்டக்கூடாது என்பது எழுதாத சட்டம். வெயில் ஏறுவதற்குள் பாவு சுருட்டியாக வேண்டும்; ஒரு வீட்டுப் பாவுக்குப் பக்கத்து வீட்டார் எல்லாரும் கை கொடுப்பார்கள். வீட்டுக்குள் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் மாலை வரை ‘சடக் சடக்’ சத்தம். நெசவாளிக்கு ஆண்டு தீபாவளியில் முடியும். தீபாவளிக்கு முன்பு கூலியும் போனசும், தீபாவளி கழிந்தால் நூல் இல்லாத மந்த நாட்கள், மார்கழி மழைக்கும் பனிக்கும் பாவு காயாமல் கஞ்சிக்குத் திண்டாட்டம். எனவே ஜனவரி அவர்களுக்குப் பசியின் மாதம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதை அவர்கள் ஆறுதலாகச் சொல்லவில்லை. வெயில் வரும், பாவு காயும் என்று கணக்காகவே சொன்னார்கள்.

தெருவே சேர்ந்து உழைத்ததை நினைக்கும்போது எனக்கு ஏக்கம் வருவதுண்டு. ஆனால் தறிக்குழியின் ஈரத்தில் முழங்கால் வீங்கிப்போன பெரியப்பாவையும் பார்த்திருக்கிறேன். குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. விசைத்தறிச் சேலை கடையில் இருந்தது. குழிகள் ஒவ்வொன்றாக மண் போட்டு மூடப்பட்டன. இன்று அந்தத் தெருக்களில் பல வீடுகளின் முன்னறையில் தரை ஓரிடத்தில் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அங்கேதான் தறி இருந்தது.

இதற்கு வெகுகாலம் முன்பே தறியை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குக் கடையநல்லூர் ஒரு பெரிய பதில். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஊர் முஸ்லிம் நெசவாளர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறினார்கள். ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்பும் வழக்கத்துக்கு மாறாக, மனைவி மக்களோடு குடும்பமாகப் போனவர்கள் என்று அவர்களைச் சிறப்பாகச் சொல்வார்கள். நாடா ஓட்டிய கைகள் துறைமுகத்தில் மூட்டை தூக்கின. தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைத்தார்கள். 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது என்றாலும், முப்பத்தாறு ஆண்டு தமிழ் கொடுத்துவிட்டுத்தான் போனது. தொழில் மாறியதும் ஊர் மாறியது, கடல் மாறியது. தொழிலை மாற்றுவது இந்தக் காலத்து இளைஞர்களின் புதுப்பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் கடையநல்லூரைக் காட்டுவேன்.

போகாமல் இங்கேயே இருந்தவர்களில் ஆண்கள் காட்டுக்கும் கடைக்கும் போனார்கள். பெண்கள் பீடிக்குப் போனார்கள். மடியில் முறம், கையில் கத்தரி, ஈரத்துணியில் சுற்றிய இலை. எங்கள் எதிர்வீட்டு மைனி அப்படித்தான் தன் வாழ்க்கையை ஓட்டினார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சுற்றிக் கொண்டுபோனால் கழித்துத் தள்ளியது போக மீதிக்குக் காசு. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றும் பெண்களையும் தொழிலாளியாகவே ஏற்றது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்து பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகைக்கு வழி செய்தது. ‘பாஸ்’ இருக்கிறதா என்பதுதான் இங்கே ஒரு பெண்ணுக்குப் பெரிய கேள்வி. பாஸ்புக் இருந்தால் சேமநல நிதி, போனஸ், உதவித்தொகை எல்லாம் உண்டு. இல்லையென்றால் அடுத்தவர் பாசில் சுற்றிக் கொடுத்துப் பாதிக்கூலி வாங்க வேண்டும். புகையிலைத் தூளை மூச்சில் வாங்கி வாங்கி மைனிக்கு இருமல் நின்றதே இல்லை. 2025 செப்டம்பரில் பீடி மீதான ஜி.எஸ்.டி.யை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும், பீடி இலை மீது 18இலிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தார்கள். அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது மைனி கேட்டது ஒன்றே ஒன்று: “ஆயிரத்துக்கு எம்புட்டு கூட்டுதாங்களாம்?” அதற்குச் செய்தியில் பதில் இல்லை.

அந்த உதவித்தொகையில் படித்த மைனியின் மகள் இன்று தென்காசிக்கு வேலைக்குப் போகிறாள். 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமான பிறகு அலுவலகங்கள் பெருகின. ஆட்சியர் அலுவலகத்துக்குத் திருநெல்வேலி வரை போய் ஒரு நாளைத் தொலைக்கும் நிலை போய்விட்டது. மாவட்டம் பிறப்பதற்கு முன்பே, 2011இல், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் கிளை திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவை விட்டு அங்கேயே வந்து குடியேறினார். 2025 ஜனவரி கடைசி வாரத்தில் அவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுத் தலைமை ஆய்வாளராக மாறியபோது, எங்கள் டீக்கடையில்கூட அது பேச்சானது. “முதலாளியே வேல மாறுதாரு, நம்ம மாறுனா என்ன?” என்றான் ஒரு தம்பி. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேர்த்து வைத்த பிறகு மாறுவதும், மாறித்தான் சேர்க்க வேண்டும் என்ற நிலையில் மாறுவதும் ஒன்றல்ல என்று அவனிடம் அன்றே சொன்னேன்; இங்கேயும் சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தில் பிழைப்பு மாறித் தவித்தவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் பாரதி. அரண்மனை வேலை, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர், அதே ஆண்டில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர், பிறகு பத்தாண்டு புதுவை என்று அலைந்தவர், 1918 டிசம்பர் நடுவில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகிச் செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார். அந்த 1919 ஜனவரியில் அவருக்கு நிலையான வேலை எதுவும் இல்லை. மனைவியின் ஊரில், உறவினர்களின் கண் முன்னால், சம்பளம் இல்லாத மனிதராக இருப்பது எப்படிப்பட்டது என்பதைத் தென்காசிச் சீமையில் வளர்ந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். மறுபடி சுதேசமித்திரனுக்கு 1920இல்தான் போனார். அவர் கடையத்தில் இருந்ததைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அந்த வீட்டில் மாதம் பிறந்தால் அரிசிக்கு என்ன செய்தார் செல்லம்மாள் என்பதைப் பற்றியும் பேச வேண்டும்.

கடையத்துக்கு எலுமிச்சையிலும் ஓர் இடம் உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற ரகம் கடையம் நாட்டு எலுமிச்சையிலிருந்து தேர்ந்தெடுத்தது. இந்த மலைச்சரிவின் மண்ணும் காற்றும் பழத்துக்கு மெல்லிய தோலும் நல்ல சாறும் கொடுக்கின்றன. 2025இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரை எலுமிச்சை நகரம் என்றுதான் சொல்வார்கள். கோமதிநாயகம், அந்தோணிசாமி போன்ற இயற்கை வேளாண் முன்னோடிகள் புளியங்குடியின் பெயரைத் தமிழகம் முழுக்கக் கொண்டுசேர்த்தார்கள். வெளியூர்களிலிருந்து விவசாயிகள் வந்து அவர்கள் தோட்டங்களைப் பார்த்துப் போனார்கள். தறி போனபோது ஊர் விழாமல் நின்றதில் எலுமிச்சைக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது மார்கழி விடியலில் எங்கள் தோட்டம் இப்படி இருக்கும். இரவில் உதிர்ந்த பழத்தைப் பனி ஈரத்தோடு பொறுக்கப் பெண்கள் வந்துவிடுவார்கள். காயும் செங்காயும் தொரட்டியால் பறிக்க வேண்டும். முள் கிழிக்காத கை இந்த ஊரில் இல்லை. யானை வந்துபோன இரவு என்றால் முதலில் எத்தனை தென்னை போச்சு என்று பார்ப்போம். பிறகு பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரித்து மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்கு. பச்சை தனி, பழம் தனி. தூரம் போக வேண்டியது பச்சையாக இருக்க வேண்டும். பெரும்பகுதி ஆரியங்காவுக் கணவாய் தாண்டிக் கேரளத்துக்குப் போகும். அதே சாலையில் அந்த நாட்களில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவும் பகலும் வரிசையாக ஓடும். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் அந்த நெடுஞ்சாலையில் நம் ஊரைக் கடக்கும்போது அய்யப்பமார்கள் நிறுத்தி எலுமிச்சை வாங்குவார்கள். ஜனவரி முதல் தேதி ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்குவார்கள். எங்களுக்கு அன்று சில்லறை வியாபாரம் நன்றாக இருக்கும். நான் என் வண்டிக்கும் வைக்கிறேன்.

தொழில் மாறியதில் ஆண்டைவிடக் கடினமாக இருந்தது மாதம். மாதச் சம்பளக்காரனுக்கு ஒன்றாம் தேதி என்று ஒரு தரை இருக்கிறது. பால்காரர், பள்ளிக் கட்டணம், சீட்டு எல்லாம் அந்தத் தரையில் நிற்பவை. எலுமிச்சைக்காரனுக்குப் பணம் மூட்டை போகும் நாளெல்லாம் வரும், கொஞ்சம் கொஞ்சமாக. மரம் ஓய்ந்த வாரங்களில் வராது. கமிஷன் கடை அண்ணாச்சியிடம் முன்பணம் வாங்கிக் கொண்டால் பழம் அந்தக் கடைக்கே போட வேண்டும். அது கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை; ஆனாலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆனி, ஆடியில் வரும் பணத்தையும் கோடையில் வரும் பணத்தையும் தனியாகப் போட்டு, அதிலிருந்து ஒன்றாம் தேதி தோறும் வீட்டுக்கு ஒரே தொகை எடுப்பது. கணக்குப் பிரிவில் இத்தனை ஆண்டு இருந்த எனக்கு இது முதலில் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. வீட்டுக் கணக்கு அவளுடையது.

ஊராரின் பார்வை இன்னொன்று. தறியை விட்டபோது தெருவே விட்டது; யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. இன்று ஒவ்வொருவரும் தனியாக மாறுகிறார்கள், தனியாகப் பதில் சொல்கிறார்கள். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் என் தங்கை மகனிடம் கேட்டார்கள்: “ஒங்க மாமா நல்ல வேலய விட்டுட்டு வந்துட்டாராமே, ஏதும் பிரச்சினையாடே?” பெண் பார்க்கும் இடத்தில் இளைஞன் விவசாயம் என்றால் பேச்சு அங்கேயே நிற்கிறது. அதே மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை என்றால், வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும் சரி. எலுமிச்சையால் வளர்ந்த ஊர் எலுமிச்சைக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. இதை மாற்ற வேண்டியவர்கள் நாங்கள்தான். கூலியும் விலையும் நிலைப்பட்டால் மதிப்பும் சேரும் என்பது என் நம்பிக்கை.

ஒரே வீட்டில் பல ஆண்டுகள் ஓடுவதுதான் இன்றைய புளியங்குடி. எதிர்வீட்டில் மைனிக்குப் போனசோடு தீபாவளியில் ஆண்டு முடிகிறது. மகளுக்கு ஏப்ரலில் சம்பள உயர்வு. சென்னையில் இருக்கும் மகனுக்கு அவனுடைய அமெரிக்க வாடிக்கையாளரின் கணக்குப்படி டிசம்பரில். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடும் நாள் கிடைக்க வேண்டுமானால் நாள்காட்டியில் தேட வேண்டியிருக்கிறது. அந்த நாள்காட்டியும் பக்கத்தில் சிவகாசியில் அச்சானதுதான்; அங்கே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று பூசை போட்டு வெளியிடுவார்கள். அச்சுக்காரர்களுக்கு ஜனவரி ஆடியிலேயே வந்துவிடுகிறது.

இந்த ஆண்டும் மார்கழியில் ஒரு தம்பி போன் செய்தான். உறவுமுறைப் பையன், பெங்களூரில் வேலை. ஜனவரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியப்பா நிலத்தில் எலுமிச்சை போடப்போவதாகச் சொன்னான். புவிசார் குறியீடு வந்துவிட்டது, கோடையில் விலை இருநூறு, இணையத்தில் நேரடியாக விற்கலாம் என்று எல்லாம் அடுக்கினான். அவன் ஆசையை நான் தடுக்கவில்லை. சில விவரங்களை மட்டும் சொன்னேன். விதைக்கன்று வைத்தால் காய்க்க நாலைந்து வருஷம், ஒட்டுக்கன்று என்றால் மூன்று. அதுவரை நடுவில் உளுந்தோ காய்கறியோ போட்டுக் கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொட்டுநீர் வேண்டும், கிணறு ஆழம் பார்க்க வேண்டும், சொறிநோய் வராத நாற்று வாங்க வேண்டும், ஜமாபந்திக்கு முன் பட்டாவில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருநூறு ரூபாய் சில்லறைக் கடை விலை. கமிஷன் கடையில் நம் கைக்கு வருவது வேறு.

“எல்லாஞ் சரி சித்தப்பா, எப்ப வரட்டும்?” என்றான்.

“சித்திரையில வராத. அப்ப எல்லாம் நல்லாத்தான் தெரியும். ஆனி, ஆடியில வா. பழம் குமிஞ்சு கெடக்கும், கேக்க ஆள் இருக்காது. கமிஷன் கடையில ஒரு வாரம் எங்கூட நில்லு. அதப் பாத்த பெறவும் ஆசை இருந்தா எழுதிக் குடு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஜூன் கடைசியில் ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னான். பாம்புக்கோவில் சந்தையில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி கொண்டுபோய் நான் கூட்டி வருவேன்.